தோல் வேண்டாம், மெத்தை போதும்

கேள்வி: விலை குறைந்த யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸில் பாடிப் பதிவு செய்கிறேன். பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஒரே உறுமல். சுவர் முழுக்கத் தோல் துண்டு ஒட்டினால் சரியாகுமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: தோலை ஷூவுக்கே விட்டுவிடுங்கள்! உறுமல் சுவரிலிருந்து வருவதல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அநேகமாக அதுதான் அழையாத கோரஸாக உங்களோடு பாடுகிறது. சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு சார்ஜர் வழியில்தான். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் பிடுங்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. மைக்குக்கு எக்ஸ்.எல்.ஆர். கேபிள் போட்டு, மின்வயருக்குத் தள்ளி வையுங்கள். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். அதை ஹப்பில் பங்கு போடாமல் இன்டர்ஃபேஸை நேரே செருகுங்கள். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.

அறையின் எதிரொலிக்குப் பஞ்சு மெத்தைதான் மருந்து. பதனிட்ட தோலின் வழவழப்பு கீச்சொலியைத் திருப்பி அனுப்பிவிடும். பக்கத்து டேனரியில் டிரம் ஓடாத நேரமாகப் பாடுங்கள். புது இன்டர்ஃபேஸுக்குப் பணம் எடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.