காராட்டை வெள்ளாடு என்றல்: அலுவலக ஆங்கிலத்தில் ஏமாற்றம் உரைக்கும் முறைமை பற்றி ஓர் ஆய்வு

ஒரு காரியம் கெட்டுப்போனால் 'கெட்டுப்போச்சு' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அதையே வேலை பார்க்கும் இடத்தில், மேலே இருப்பவர் காதில் விழும்படி, ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் ஒரு முற்பகல் முழுக்கப் போய்விடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் அந்தச் செய்திக்கு என்ன ஆகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். தரவுகள் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் திரட்டப்பட்டன. ஒப்பீட்டுக்காக ஓர் அரசி, ஒரு பேரரசர், இரண்டு அமெரிக்க அதிபர்கள், சில ராக்கெட்டுகள், ஒரு விமானம் ஆகியவையும் சேர்க்கப்பட்டுள்ளன. கோபத்தில் எழுதி அனுப்பாமல் 'டிராஃப்ட்' பெட்டியிலேயே கிடக்கும் மின்னஞ்சல்கள் இதில் அடங்கா. அவை தனித்துறை, அதற்கு வேறு மொழிநடை, வேறு மனநிலை வேண்டும்.

இத்துறையை ஆங்கிலேயர்தான் தொடங்கினார்கள் என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. அதை மறுப்பது நம் முதல் கடமை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்வது மூன்றாவது. பள்ளியில் இதற்குச் சொல்லிக்கொடுத்த உதாரணங்கள் பலருக்கும் நினைவிருக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, காராட்டை வெள்ளாடு என்பது எல்லாம் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வாராந்திர அறிக்கையை முழுவதுமாகப் பொருள் பிரித்துவிடலாம் என்பது நம் கருதுகோள்.

காராடு வெள்ளாடாகும் விதத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் 'ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்' என்னும் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் உண்டு. கீழே இருப்பவர்கள் சிவப்பாய்க் கொடுப்பது மேலே போகப் போகப் பழுத்துப் பச்சையாகிறது. காய்தான் பழுத்தால் சிவக்கும். அறிக்கை பழுத்தால் பச்சையாகும். இதற்கு அந்தத் தொழிலிலேயே 'வாட்டர்மெலன்' என்று ஒரு குழூஉக்குறி வழங்குகிறது. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

ஒரு மாதிரி. சனிக்கிழமை இரவு ஷிஃப்டில் இருக்கும் பையன் டீம் லீடுக்குப் போன் போடுகிறான்: "அண்ணா, டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு. டேட்டாபேஸ் படுத்துடுச்சு. நேத்து பேக்கப்பும் ஓடலண்ணா." மூன்றே வாக்கியம், மூன்றிலும் தகவல் இருக்கிறது. டீம் லீடு இதை மேனேஜருக்கு எழுதும்போது 'டேட்டாபேஸில் ஓர் இஷ்யூ, டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது' என்றாகிறது. பேக்கப் இரண்டாவது முறையாகக் காணாமல் போகிறது. மேனேஜர் தனக்கு மேலே எழுதும்போது அது 'இன்டர்மிட்டென்ட் ஸ்லோனஸ்'. படுத்துவிட்ட டேட்டாபேஸ் இப்போது எழுந்து மெதுவாக நடக்கத் தொடங்கியிருக்கிறது. திங்கட்கிழமை அமெரிக்க வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில், 'ஸ்டோரேஜ் திட்டமிடலை மேலும் வலுப்படுத்த எங்கள் குழு ஒரு வாய்ப்பைக் கண்டறிந்துள்ளது' என்ற வரி இருக்கிறது. வாடிக்கையாளர் 'கிரேட் கேட்ச், டீம்!' என்று பதில் போடுகிறார். பையன் இன்னும் தூங்கவில்லை.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர்ச்சொல் உதிர்வதையும் அந்த இடத்தில் ஒரு பெயரடை முளைப்பதையும் கவனிக்க வேண்டும். சிக்கல் 'சேலஞ்ச்' ஆகிறது. பட்ட அடி 'லர்னிங்' ஆகிறது. அதற்குப் பன்மையும் உண்டு, 'லர்னிங்ஸ்'. சென்ற காலத்தைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்பதற்கு 'கோயிங் ஃபார்வர்டு'. இங்கே 'ஜென்டில் ரிமைண்டர்' தனிக் கவனத்துக்குரியது. முதல் நினைவூட்டலில் அந்த 'ஜென்டில்' வருவதில்லை. மூன்றாவதில்தான் வருகிறது, அதாவது மென்மை தீர்ந்துபோன இடத்தில். 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்' என்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழில் 'காது கேட்குதா?' என்போம், கொஞ்சம் சத்தமாக.

நம்மிடமும் இந்தச் சரக்குக்குக் குறைவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். பெண் பார்க்க வந்து, சொஜ்ஜி பஜ்ஜியைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று எழுந்த மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர்! நேர்முகத் தேர்வின் முடிவில் எச்.ஆர். சொல்லும் 'வீ வில் கெட் பேக் டு யூ' அந்த லெட்டர்தான். இரண்டுமே வந்து சேர்வதில்லை.

இனி விதி. ஏமாற்றத்தின் அளவு ஏற ஏறச் சொல்லின் சூடு இறங்கும். காபியில் சர்க்கரை குறைந்தால் கத்துகிற மனிதன் வீடே எரிந்தால் இலக்கணமாகப் பேசத் தொடங்குகிறான். இதற்கு முதல் சான்று இரண்டாம் எலிசபெத் அரசி. 1992ஆம் ஆண்டில் அவருடைய ஒரு மகன் மனைவியைப் பிரிந்தார். மகள் விவாகரத்து பெற்றார். மூத்த மகனின் இல்லறம் ஊர் வாயில் கிழிந்தது. நவம்பர் 20 அன்று விண்ட்சர் கோட்டை தீப்பற்றி எரிந்தது. நான்கு நாள் கழித்து லண்டன் கில்டுஹாலில் எழுந்து நின்று, கலப்படமில்லாத மகிழ்ச்சியோடு தாம் திரும்பிப் பார்க்கப்போகிற ஆண்டு இது அன்று என்ற பொருளில் பேசினார். கொடிய ஆண்டு என்பதற்கு லத்தீனில் ஒரு தொடரையும் பயன்படுத்தினார். துயரம் முற்றினால் ஆங்கிலம்கூடப் போதாமல் செத்த மொழிக்குப் போக வேண்டியிருக்கிறது போலும்.

விதியின் உச்சம் ஆங்கிலத்தில் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி. 15ஆம் தேதி ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் தம் மக்களிடம், போர் நிலவரம் ஜப்பானுக்குச் சாதகமாகவே வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். சரணடைதல் என்ற சொல் அந்த உரையில் கிடையாது. அரசவை நடையில் பேசியதால் கேட்டவர் பலருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. பிறகு அறிவிப்பாளர் விளக்க வேண்டியிருந்தது. இரண்டு அணுகுண்டுகளை இதைவிட மென்மையாகச் சொன்ன மேனேஜர் இன்னும் பிறக்கவில்லை என்பது நம் துணிபு.

இதுவரை சொன்னவற்றில் பெரிய தீங்கு இல்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே விலைப்பட்டியல் தெரிந்திருந்தால், சொல் எவ்வளவு தணிந்தாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிடும். 'நாட் பேட்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் பிரமாதம் என்றும், 'இன்ட்ரஸ்டிங்' என்றால் குப்பை என்றும் இன்னோர் ஆங்கிலேயருக்குத் தெரியும். பட்டியல் தெரியாதவர் கேட்டால்தான் ஆபத்து. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் 29ஆம் படையணியைச் சீனப் படைகள் பல மடங்கு ஆள்பலத்தோடு சூழ்ந்தன. தளபதி பிரோடி தமக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதியிடம், நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்றார் என்று போர் வரலாறுகள் சொல்லும். கொஞ்சம் பிசுபிசுப்பு. பிரிட்டிஷ் அகராதிப்படி அதற்கு அர்த்தம், 'செத்துக்கொண்டிருக்கிறோம்.' அமெரிக்கர் அதை, கஷ்டம்தான், ஆனால் சமாளித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படையணியின் குளோஸ்டர்ஷைர் படைப்பிரிவு குன்றின் மேல் தனித்து நின்றது. தப்பி வந்தவர்கள் சில பத்துப் பேர், பெரும்பாலோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். சென்னையில் எழுதி டெக்சாஸில் படிக்கப்படும் ஒவ்வொரு 'மைனர் டிலே'க்குப் பின்னும் இந்த ஆறு ஓடுகிறது.

அடுத்து இலக்கணத்துக்கு வருவோம். நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. எழுவாய் வெளியே தெரியாது, ஆனால் வினைமுற்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தேன்' என்றால் நான், தப்பிக்க வழியில்லை. அலுவலக ஆங்கிலம் இதிலும் ஒரு படி மேலே போய், தோன்றவே முடியாத எழுவாயைக் கண்டுபிடித்திருக்கிறது. 1987 ஜனவரி 27 அன்று அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது, பெரும் தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தது யார் என்று அந்த வாக்கியத்தை எவ்வளவு பிழிந்தாலும் ஒரு சொட்டு வராது. இதே வாக்கியத்தை 1876இல் அதிபர் கிராண்ட் எழுதியபோது, எல்லோரும் காண்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று கூடவே சேர்த்தார். (அடுத்த மூச்சிலேயே பழியில் பெரும்பங்கைத் தன்கீழ் வேலை பார்த்தவர்கள் தேர்வின் மேல் இறக்கி வைத்தார் என்பது வேறு விஷயம். மேனேஜர் மேனேஜர்தான்.)

ராக்கெட்காரர்கள் இக்கலையில் தனிப் பள்ளி. 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்துச் சிதறியது. அதற்கு அந்நிறுவனம் இட்ட பெயர், அட்டவணையில் இல்லாத அதிவேகப் பிரிப்பு. அந்தத் துறையில் பல காலமாக உலவும் நகைச்சுவை அது. சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் ஏமாறவில்லை. இஸ்ரோவில் சிரிப்பு இல்லை. அங்கே ஒரே மனிதரிடம் இரண்டு நடையையும் காணலாம். நாகர்கோவில் பக்கத்துக்காரரான அன்றைய தலைவர் சிவன், 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவில் இறங்கப்போன விக்ரம் லேண்டர் கைவிட்டுப்போனபோது, 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக நடந்தது, அதன்பின் தொடர்பு அற்றுவிட்டது, தரவுகளை ஆராய்கிறோம் என்று அறிவித்தார். எண் இருக்கிறது, எல்லை இருக்கிறது, அழுகை இல்லை. ஏமாற்றத்தைத் தொழில்முறையில் சொல்வதற்கு இதைவிட நல்ல பாடம் தேட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்10இன் கிரையோஜெனிக் நிலை எரியாமல் போனபோது, திட்டத்தை 'முழுமையாக' நிறைவேற்ற முடியவில்லை என்றார். செயற்கைக்கோள் சுற்றுப்பாதையைச் சேரவே இல்லை. முழுமையாகப் போன ஒன்றுக்கு 'முழுமையாக இல்லை' என்பது தூய மங்கலம். பவணந்தி முனிவர் தலையாட்டியிருப்பார்.

சம்பளத்தை இழப்பவர்களிடம் இந்த மொழி பேசும்போதுதான் ஆய்வாளருக்குச் சிரிப்பு வற்றிவிடுகிறது. 2014 ஜூலை 17 அன்று மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீஃபன் ஈலாப் ஊழியர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 'ஹலோ தேர்' என்று தொடங்கி, உத்தி, ஒருங்கிணைப்பு, முன்னுரிமை என்று பல பத்திகள் நடந்து, அதன்பிறகு 12,500 பேருக்கு வேலை போகும் செய்தி வந்தது. நம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலையும் அப்போது மைக்ரோசாஃப்ட்டுக்குத்தான் கைபேசி செய்துகொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி 'நிறுத்திவைக்கப்படுகிறது' என்று அறிவித்தார்கள். நிறுத்திவைத்தல் என்றால் மறுபடி எடுப்பார்கள் என்றல்லவா பொருள்? அந்த நிறுத்திவைப்பு முடியவே இல்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்காக விடியற்காலையில் காத்து நின்ற பெண்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பிறகு அந்த வளாகம் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

ஆகவே பணிவு வேறு, மறைப்பு வேறு. எதை வைத்துப் பிரிப்பது என்றால், மினுக்கெல்லாம் துடைத்தபின் உள்ளே செய்தி மிஞ்சுகிறதா என்று பார்த்தால் போதும். இந்த அளவுகோலில் சென்னைத் தூரதர்ஷனின் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' முதல் வகுப்பில் தேறுகிறது. தடங்கல் என்று ஒத்துக்கொள்கிறது, வருந்துகிறோம் என்கிறது, அதற்குமேல் பேசுவதில்லை. அதைப் பார்வையாளர் அனுபவத்தை மேம்படுத்தும் வாய்ப்பு என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. படம் எப்போது வரும் என்று சொல்லாத ஒரு குறை உண்டு.

அதையும் தாண்டியவர் ஒருவரே. 1982 ஜூன் 24 இரவு, ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம் கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சினும் நின்றன. கேப்டன் எரிக் மூடி ஒலிபெருக்கியை எடுத்துப் பயணிகளிடம் சொன்னதன் சாரம் இது: சின்னப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, மறுபடி ஓடவைக்க முடிந்த மட்டும் பாடுபடுகிறோம், உங்களுக்கு அதிகம் சங்கடம் இராது என நம்புகிறேன். சின்னப் பிரச்சினை என்பது மங்கலம். அடுத்த வாக்கியமே முழு உண்மை, எண்ணிக்கையோடு. எழுவாயும் இருக்கிறது, யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. எஞ்சின்கள் உயிர்பெற்றன. சாம்பல் உரசி முன்கண்ணாடி மங்கிப்போன நிலையில், வெளியே ஏறக்குறைய ஒன்றும் தெரியாமல், விமானத்தை ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 248 பயணிகள், 15 பணியாளர்கள், ஒருவருக்கும் காயமில்லை. அப்படி இறங்கிய அனுபவம் எப்படி இருந்தது என்பதைப் பின்னாளில் அவர் ஒரு வளைக்கரடியின் உடலில் ஓர் உறுப்பைக் குறிப்பிட்டு, அதன் வழியே மேலேறிப் போனதுபோல் இருந்தது என்று விவரித்தார். அவ்வுறுப்பின் பெயரை இடக்கரடக்கல் கருதி இவ்வாய்வு அச்சிடவில்லை.