சோளகர் வைத்த தீ

எண்பதுகளின் கடைசியில் நான் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைக்குப் போனபோது, அங்கே வாழும் சோளகர் பழங்குடிப் பெரியவர்கள் தீயைப் பற்றித் தணிந்த குரலில்தான் பேசினார்கள். 1974-ல் அந்தக் காடு சரணாலயமானது. உள்காட்டில் பயிர் செய்துவந்தவர்களைச் சாலையோரக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வைத்துவந்த சருகுத் தீ குற்றமாயிற்று.

அந்தத் தீயைக் கண்டபடி வைப்பதில்லை. கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு காய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் நாளாகப் பார்த்து வைப்பார்கள். தரையோடு ஓடிச் சருகையும் புதரின் இளங்கன்றையும் எரித்துவிட்டுத் தானே அவிந்துவிடும். மழை விழுந்ததும் அங்கே புல் துளிர்க்கும். கடமானும் காட்டெருமையும் மேய வரும். ஒரு பெரியவர் என்னை நெல்லி மரத்தடிக்குக் கூட்டிப்போய், கிளையில் கொத்தாகத் தொற்றியிருந்த புல்லுருவியைக் காட்டினார். "தீ நின்னதிலிருந்து இது கூடிப்போச்சு தம்பி. இன்னும் கொஞ்ச வருஷத்துல மரமே பட்டுப்போகும்" என்றார். காட்டை ஆண்டவர்கள் அன்று அவரிடம் எதையும் கேட்கவில்லை.

புல்லுருவியைப் போலக் காட்டில் பெருகிய இன்னொன்று உண்ணிச்செடி (லாண்டனா). வெள்ளைக்காரர்கள் பூவுக்காகக் கொண்டுவந்த தென்னமெரிக்கச் செடி அது. அந்த மலையில் ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில் 1997-ல் 41 சதவீதத்தில் அது இருந்தது. 2008-ல் 81 சதவீதத்தில் இருந்தது. தீயை நிறுத்தியதால்தான் அது பெருகியது என்று சோளகர்கள் சொல்லிவந்ததை, பிறகு ஆய்வாளர்களும் எடுத்து எழுதினார்கள். புதர் மண்டிய இடத்தில் புல் இல்லை, கிழங்கு இல்லை, கால் வைக்க வழியும் இல்லை.

இன்று அதே புதரை அகற்றப் பழங்குடிகளின் கை வேண்டியிருக்கிறது. செடியை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணைச் சற்றே கிளறி, ஆணிவேரை மண்ணுக்குக் கீழே வெட்டி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துப்போட்டால்தான் காயும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதன் தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் அதே தண்டில் செய்த ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அந்தக் கைகளை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் புதரை வெட்டும் கூலியும் பொம்மை செய்யும் வேலையும் மட்டும் கொடுத்தால் போதாது.

2011-ல் பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. காப்பகத்தின் மையப் பகுதிக்குள் அந்த உரிமை நாட்டிலேயே முதலில் கிடைத்தது இவர்களுக்குத்தான். காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது. தீயைக் கொண்டே காட்டைக் காப்பதற்கு முன்மாதிரியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்தில் பூர்வகுடிகள் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்து, அப்பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். அந்தப் பணிக்கு நிதியும் கிடைக்கிறது.

புதர் அடர்ந்திருக்கும் இடத்தில் இன்று நெருப்பு வைத்தால் மரத்தையும் சேர்த்து எரித்துவிடும் என்பது உண்மை. அதனால் முதலில் புதரை எடுக்கட்டும். எடுத்த இடத்தில் சில ஏக்கரிலாவது, எந்த நாளில் தீ வைப்பது என்பதைச் சோளகர் கிராம சபை முடிவு செய்யட்டும். வனத்துறை கூட நிற்கட்டும். நாள் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.