கையை எடு

மழை இறங்கினால் மின்சாரம் போகும் என்பது பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. 2002 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அப்படிப் போனது. யுபிஎஸ் இரண்டு முறை கூவிவிட்டு அடங்கியது. திரையில் என் பாட்டியின் கதை இருந்தது. அவள் சொல்லச் சொல்ல ஒன்றரை வருடமாக நான் தட்டச்சு செய்து வந்த கதை. பாட்டி போய்ச் சேர்ந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

மின்சாரம் வந்ததும் கணினியைப் போட்டேன். ஒரு கணினி இதழோடு வந்த சிடியிலிருந்து நிறுவிய ரெட் ஹாட் லினக்ஸ் 7.1 அதில் ஓடியது. வட்டு 20 ஜிபி. அதன் கோப்பு முறைமை எக்ஸ்ட்2. செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு ஓரத்தில் குறித்து வைக்கும் ஜர்னல் வழக்கம் அதற்குக் கிடையாது. அது அடுத்து வந்த எக்ஸ்ட்3-இல்தான் சேர்ந்தது. அதனால் பாதியில் அணைந்தால் வட்டு முழுவதையும் முதலிலிருந்து சோதித்தாக வேண்டும். சோதனை பாதி தூரம் ஓடி நின்றது. எஃப்எஸ்செக்கை நீயே கையால் ஓட்டு என்று திரை சொன்னது.

ஓட்டினேன். அது கேள்வி கேட்டது. ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி, இந்த ஐநோடை அழிக்கட்டுமா என்றது. ஐநோடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ‘ஒய்’ அடித்தேன். அடுத்த கேள்வி, அடுத்த ‘ஒய்’. நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியில் கணினி எழுந்து நின்றது. பாட்டியின் ஏழாம் அத்தியாயம் மட்டும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் சிபியூவை ஆட்டோவில் கொண்டு போனேன்.

“எத்தனை தடவை ‘ஒய்’ அடிச்சீங்க?”

“எண்ணலை அண்ணாச்சி.”

“மொதல்ல கைய எடுங்க தம்பி. இனிமே இந்த வட்டுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது.”

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றுவரை என் தொழிலுக்கு அடிப்படை. எஃப்எஸ்செக்கின் கவலை, கோப்பு முறைமை தனக்குள் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான். உன் அத்தியாயம் பிழைக்க வேண்டும் என்பது அதன் கவலை அல்ல. கணக்குச் சரியாக வர வேண்டுமானால் ஒரு கோப்பைத் தூக்கி எறியவும் அது தயங்காது. ஆனால் எறிந்த கோப்பின் எழுத்துகள் வட்டில் அந்தந்த இடத்தில்தான் கிடக்கும், அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை.

அண்ணாச்சி என் வட்டைத் தன் கணினியில் மாட்டினார். எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்தார். சொந்தக்காரர் தெரியாத கோப்புகளை எஃப்எஸ்செக் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அடைவில் போட்டு வைக்கும்; பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அங்கே அத்தியாயம் இல்லை. பிறகு கோப்பு முறைமையையே ஒதுக்கிவிட்டு, வட்டின் பச்சைப் பரப்பில் கிரெப் கட்டளையால் தேடத் தொடங்கினார். எதைச் சொல்லித் தேடுவது? அப்போது நாங்கள் தமிழைத் திஸ்கி குறியேற்றத்தில் எழுதிவந்தோம். அந்தக் கருப்புத் திரையில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடிக்க வழியில்லை. நல்லவேளையாக ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ‘பாட்டி-07’ என்பதுபோல ரோமன் எழுத்தில் ஓர் அடையாளம் போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போனதில் அத்தியாயம் துண்டு துண்டாகக் கிடைத்தது.

துண்டுகளை வரிசைப்படுத்த அவர் படித்தாக வேண்டியிருந்தது. படித்து முடித்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். “தம்பி, பாட்டியோட மொதப் பிள்ளை விஷயம் ஒங்க அம்மைக்குத் தெரியுமா?” என்றார் தணிந்த குரலில். தெரியாது. பாட்டி என்னிடம் மட்டும் சொன்னது அது. அண்ணாச்சி மேல் எந்தத் தப்பும் இல்லை. படிக்காமல் அதை மீட்டிருக்கவே முடியாது. சாகும்வரை அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனாலும் பாட்டி நம்பிக் கொடுத்ததை ஒரு கடை மேசையில் விரித்து வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

போன கார்த்திகையில் என் தங்கை மகள் போன் செய்தாள். பனையேறிகளின் பேச்சு வழக்கை ஆராய்கிறாள். அவர்கள் வாங்கிய கடன், வட்டி, வீட்டுச் சண்டை என்று சொன்னதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறாள். வேறு யார் கைக்கும் போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த வாக்குக்காகவே தன் லினக்ஸ் மடிக்கணினியை நிறுவும்போது முழு வட்டையும் லக்ஸ் முறையில் பூட்டியிருந்தாள்.

“மாமா, சேமிக்கப் போனா படிக்க மட்டும்தான்னு சொல்லிச்சு. அணைச்சுப் போட்டேன். பாஸ்வேர்டு தப்புன்னுச்சு. மறுபடி அதையே அடிச்சா எடுத்துக்கிச்சு. இப்போ எஃப்எஸ்செக் ஓட்டச் சொல்லிக் கருப்புத் திரையில நிக்குது. ஓட்டி, கேட்கிறதுக்கெல்லாம் ‘ஒய்’ குடுக்கவா?”

“வேண்டாம்மா. கையை எடு. அப்படியே அணைச்சிட்டுக் கொண்டு வா.”

அவள் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, ஆகவே பூட்டு நலம், விரிசல் உள்ளேதான். அது பெரிய ஆறுதல். லக்ஸ் பூட்டின் உயிர் பூட்டிய பகுதியின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பகுதி. லக்ஸ்2-இல் அது வழக்கமாக 16 எம்பி. நிஜமான சாவி அங்கேதான் கடவுச்சொல்லால் மூடப்பட்டு இருக்கிறது. அந்தச் சாவி ஆயிரக்கணக்கான கீற்றுகளாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஒரு கீற்று கெட்டாலும் அந்தச் சாவி கூடிவராது. அது போனால், மீதி 500 ஜிபியும் பழுதில்லாமல் இருந்தாலும் ஒரு எழுத்தைப் படிக்க முடியாது.

இரண்டாவது செய்தி, ஒரே கடவுச்சொல் ஒருமுறை தப்பாகி, மறுமுறை சரியானது. விரல் பிசகியிருக்கலாம். ஆனால் லக்ஸ்2 கடவுச்சொல்லைச் சோதிக்க ஆர்கான்2 என்ற கணக்கைப் போடுகிறது. அது 1 ஜிபி வரை நினைவகத்தை நிரப்பிக் கணக்கிடும். அந்தப் பரப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் விடை முற்றிலும் மாறிவிடும். சந்தேகம் ரேம் மேல் விழுந்தது. ரேம் கெட்டிருந்தால் அதே கணினியில் எஃப்எஸ்செக் ஓட்டுவது, புண்ணில் அழுக்குக் கையை வைப்பது.

அதனால் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு என் கணினியில் இணைத்தேன். மடிக்கணினியில் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டோம். எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் பதிவுகளில் குறை எதுவும் இல்லை. முதல் வேலையாகத் தலைப்பகுதியைத் தனியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்தேன். அடுத்து டிடிரெஸ்க்யூ கொண்டு வட்டு முழுவதையும் அப்படியே வெளி வட்டுக்கு நகல் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. நகலும் பூட்டியபடியேதான் இருக்கும். மூல எஸ்எஸ்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். இனி அதில் ஒரு எழுத்துகூட விழாது. காலையில் பார்த்தபோது மெம்டெஸ்ட் திரையில் சிவப்பு வரிகள். இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்று கெட்டிருந்தது.

நகலைத் திறக்க அவளைக் கூப்பிட்டேன். அவள் கடவுச்சொல்லை அடிக்கும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுக்கு அடுக்காக உள்ளே போனோம். லக்ஸ் திறந்தது, அதற்குள் எல்விஎம் பகுதி எழுந்தது, அதற்குள் எக்ஸ்ட்4. முதலில் ஜர்னலைத் தொடாமல் படிக்க மட்டும் திறந்து, எடுக்க முடிந்த ஒலிப்பதிவுகளை எல்லாம் அவளுடைய இன்னொரு பூட்டிய வட்டுக்கு மாற்றினோம். பிறகுதான் எஃப்எஸ்செக், அதுவும் எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும் ‘என்’ தெரிவோடு. அப்படி ஓட்டும்போது அது ஜர்னலில் பாக்கியுள்ள வேலையை முடிப்பதில்லை. அதனால் இருப்பதைவிடக் கூடுதலாகவே குறை சொல்லும். பட்டியலைப் பார்த்து அவள் முகம் வாடியபோது இதைச் சொன்னேன். கடைசியில் நகலின்மேல் நிஜமாகவே ஓட்டினோம். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் சொன்னேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’, அதே எண் பெயர்கள். அவற்றில் இரண்டு அவள் தேடிய ஒலிப்பதிவுகள். ஆனால் ஒரு கிராமத்துக் குறிப்புகள் அடங்கிய உரைக் கோப்பைக் காணவில்லை.

“அதுல மட்டுந்தான் வர்ற மாதிரி ஒரு சொல் இருக்காம்மா?”

அவள் யோசித்தாள். “முருக்குத்தடி.” பனையேறும்போது ஏணிபோல் சாத்தும் தடி. இன்று தமிழ் யூனிகோடில் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தமிழிலேயே கிரெப்புக்குக் கொடுத்தேன்.

“மாமா, பூட்டைத் திறக்காமலே தேடியிருந்தா?” என்று கேட்டாள். அதையும் செய்து காட்டினேன். பூட்டிய பரப்பில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். முருக்குத்தடியும் இல்லை, தமிழும் இல்லை. அதே தேடலைத் திறந்த அடுக்கின்மேல் ஓட்டினேன். சில நிமிடங்களில் வரிகள் வரத் தொடங்கின. அண்ணாச்சியின் கைவேலை அப்படியே செல்லுபடியாகிறது. சொந்தக்காரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் புதிது.

வந்த வரிகளில் ஒருவருடைய கடன் கணக்கு தெரிந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு எழுந்தேன். “இதை நீயே வரிசைப்படுத்தும்மா. நான் காப்பி போட்டுக்கிட்டு வர்றேன்.”

கிளம்பும்போது தலைப்பகுதியின் பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு நீட்டினாள். “நீங்க வச்சுக்கோங்க மாமா. வீட்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணு இருக்கட்டும்.”

“கடவுச்சொல்லை எப்போ மாத்தினாலும் இதை அழிச்சிட்டுப் புதுசு வாங்கிக்கணும். பழைய பிரதியைப் பழைய கடவுச்சொல் இன்னும் திறக்கும்.”

“இதை மட்டும் வச்சு நீங்க திறக்க முடியுமா?”

“முடியாது. நீ வரணும்.”

பென் டிரைவ் என் அலமாரியில், பாட்டியின் கதை இருக்கும் சிடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிடிக்குப் பூட்டு கிடையாது. எடுப்பவர் யாரும் படிக்கலாம். ஏழாம் அத்தியாயத்தையாவது பூட்டி வைக்க வேண்டும். அதற்கான கடவுச்சொல்லை இவளிடம் கொடுக்க வேண்டும்.