மட்டைக்கு 250 ரூவா

ஏனம்மணி, போன வாரம் உன்ற சரவணம்பட்டி ஊட்டுக்கு வந்தப்ப, இந்த அப்புச்சிக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கறதுக்குள்ள அந்த ஆர்க்கிட் செடிக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்திட்ட. நான் வாயத் தொறக்கல. தொறந்தா, “அப்புச்சிக்குப் பொறாமை”ம்ப. பொறாமைதான். ஆனா என்னைய அப்படிக் கவனிச்சிருந்தா நானும் அதாட்டவே அழுகியில்ல போயிருப்பேன்.

பேரு கேட்டதுக்கு ஃபெலனாப்சிஸ்ன. ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், பல்செட்டு கழண்டுக்கிச்சு. அந்துப்பூச்சியாட்ட இருக்குதுன்னு அர்த்தமாம், நீதான் போனைப் பாத்துப் படிச்ச. ஜாவாப் பக்கம் சுத்துன ப்ளூம்னு ஒரு தொரை 1825-ல வெச்ச பேராம். தூரத்துல பூவைப் பாத்துட்டுப் பூச்சிக் கூட்டம்னு ஏமாந்துட்டாருன்னு ஒரு கதை. அவராவது தூரத்துல நின்னு ஏமாந்தாரு. நீ மூக்கு முட்ட நின்னுக்கிட்டு அதைக் கீரைப்பாத்தின்னு நெனச்சுட்டயே!

அது மண்ணுல மொளைக்கற சாதியே இல்ல கண்ணு, மரத்து மேல குந்தியிருக்கற சாதி. அதுக்குப் பங்காளிங்க நம்ம ஆனைமலைக் காட்டுலயும் மரத்துக்கு மரம் இருக்குது. புல்லுருவின்னு நெனச்சு நாங்க அருவாளால செதுக்கி எறிஞ்சது எத்தனையோ. பாவம்! புல்லுருவி மரத்தை உறிஞ்சும், இது மரத்துகிட்ட ஒரு சொட்டுக் கேக்காது. எடம் மட்டும் போதும்னு இருக்கும். உன்ற மாமனைச் சொல்றேன்னு நெனச்சுக்காத, அவனுக்கு மூணு வேளைச் சோறும் வேணும்.

வேரை உத்துப் பாத்தயா? மேல பஞ்சாட்ட ஒரு தோலு போத்தியிருக்கும். நனைஞ்சாப் பச்சை, காஞ்சா வெள்ளி. வெளுத்திருந்தாத் தண்ணி ஊத்து, பச்சையா இருந்தாச் சும்மா இரு. இதுக்குப் போய் போன்ல அலாரம் வெச்சிருக்கற! சித்திரை வெயில்ல வாரத்துக்கு ரெண்டு தடவை கேக்கும். ஐப்பசி மழையில எட்டு நாளு, பத்து நாளு சும்மா கெடக்கும். சும்மா இருக்கறதுதான் உனக்கு வராத வேலை. ஊத்தற அன்னிக்குக் காலையில தொட்டியோட கொண்டுபோய் நல்லா நனைய ஊத்தி, முழுக்க வடிய விட்டு, அப்பறம் எடுத்து வை. அடித்தட்டுல தண்ணி நின்னா வேரு மூச்சு முட்டி அழுகும். போர் தண்ணி உப்பு, ஒரு குடம் மழைத்தண்ணி புடிச்சு வெச்சுக்க. வாரத்துக்கு மூணு ஐஸ்கட்டி வெச்சாப் போதும்னு எவனோ சொன்னானாமே? ஜாவாக் காட்டுல எந்த மரத்துலயம்மணி ஐஸ் காய்க்குது?

இப்ப மட்டை வெசயத்துக்கு வருவோம். தேங்கா மட்டையைத் துண்டு துண்டா நறுக்கி, பாக்கெட்டுல போட்டு, மேல பூப்படம் ஒட்டி, 250 ரூவான்னு வித்திருக்கறாங்க. நீயும் செடித்தொட்டியில போடறதுக்கு வாங்கியிருக்கற. பொள்ளாச்சிக்காரன் பேத்தி! இங்க தோப்புல அதை வெச்சுத்தான் நான் தண்ணி காய வெச்சுக் குளிக்கறேன். போன் பண்ணியிருந்தா ஒரு மூட்டை பஸ்ஸுல ஏத்தி உட்டிருப்பேன். சரி, வாங்குனது வாங்கியாச்சு. ரெண்டு நாளு ஊறப்போட்டு, தண்ணி மாத்தி மாத்தி அலசு, மட்டையில உப்பு இருக்கும். தூளாப் போனதை மட்டும் போடாத, அது ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கிட்டு வேருக்குக் காத்தை உடாது. ரெண்டு வருசத்துல மட்டை மக்கிரும், அப்ப மாத்து. தொட்டிக்கு வெளிய ஒரு வேரு நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அதைக் கத்திரியில வெட்டப் போனயே, எனக்கு உசுரே போயிருச்சு. காத்துல கெடக்கறதுதான் அதுக்குப் பொழப்பே.

இன்னொன்னு. நடுவுல, ரெண்டு எலைக்கு இடையில, ஒரு சொட்டுத் தண்ணி மணியாட்ட நின்னுது. நீ அதைப் போட்டோ எடுத்த, நான் தலையில கைய வெச்சேன். தென்னைக்குக் குருத்தழுகல் வந்தா என்ன ஆகும்னு உங்கம்மாகிட்டக் கேளு. நடுக்குருத்தைப் புடிச்சு இழுத்தாக் கையோட வரும், நாத்தம் தாங்காது, மரம் அவ்வளவுதான். இதுக்கும் குருத்து ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி நின்னா ஒரு துணி நுனியை உட்டு ஒத்தி எடுத்துரு. அதுக்கப்பறம் போட்டோ எடுத்துக்க.

வெயிலு காலையில கெழக்கு ஜன்னல்ல வர்றது போதும். எலை கருகருன்னு பச்சையா இருந்தா வெளிச்சம் பத்தலை, செவந்தா அதிகம். பூக்கலைன்னு மூஞ்சியத் தூக்காத. ராத்திரி சில வாரம் தொடர்ந்து குளிர்ந்தாத்தான் காம்பு விடும். மார்கழியில பால்கனிப் பக்கம் வை, உன்ற ஏசிக்கும் லீவு குடுத்தாப்பல இருக்கும். பூத்துட்டா ரெண்டு மூணு மாசம் நிக்கும், கல்யாண ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்ட.

அப்பறம், போன வருசம் நீ குப்பையில போட்டயே ஒரு தொட்டி, அதை மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். சொல்லல. அழுகுன வேரை நறுக்கிட்டு, கெணத்து மேட்டுப் பலா மரத்து நெழல்ல தேங்கா நாருல கட்டி உட்டேன். நேத்துப் பாத்தா பச்சை நுனியோட வேரு ரெண்டு மரத்தைப் புடிச்சிருக்குது. வேணும்னா வந்து பாத்துட்டுப் போ. வரும்போது கையில சொம்பு, கிம்பு எதுவும் எடுத்துட்டு வராத.