சன்னல் இல்லாத கடல்

அறுபது வயது முடிந்தால் நியாயமாக நான் போயிருக்க வேண்டிய ஊர் திருக்கடையூர். மாயவரத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, அதே மனைவிக்கு இன்னொரு தாலியைக் கட்டி, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கட்டையைச் சாய்த்திருக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகள் விடவில்லை. "தண்ணிதானேப்பா வேணும்? கடல் முழுக்கத் தண்ணிதான். நாலு ராத்திரி கப்பல்ல போயிட்டு வாங்க" என்று டிக்கெட் போட்டுவிட்டாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கைத் தொட்டுவிட்டு, மறுபடியும் சிங்கப்பூரில் இறங்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் கப்பல். இந்த உண்மையை வீட்டம்மா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. காரணம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அவளுடைய தாத்தா. பினாங்கு ஸ்டுடியோவில் எடுத்த படம். இடுப்பில் வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் மடக்கிய குடை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் போனவர். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினாராம். 1926-இல் கட்டிய அந்தக் கப்பலைப் பற்றிக் கட்டியவனுக்குத் தெரிந்ததைவிட என் மாமியார் வீட்டுக்கு அதிகம் தெரியும். நாகையில் கப்பல் கரைக்கு வராது, படகில் போய் ஏற வேண்டும். மேல்தட்டில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, ஆயிரக்கணக்கானவர்களோடு ஐந்தாறு நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தார் தாத்தா. கல்யாணமான நாள் முதல் நான் எதைப் பற்றிக் குறை சொன்னாலும், மின்வெட்டோ ரயிலில் மேல்படுக்கையோ எதுவானாலும், தாத்தாவை ரஜுலாவில் ஏற்றிவிடுவாள்.

மகள் பால்கனி வைத்த அறை எடுக்கப் பார்த்தாள். நான் வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவன். விலையைப் பார்த்தேன். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு அறுபத்துச் சொச்சம் ரூபாய் என்று பெருக்கினேன். "ராத்திரி இருட்டுல கடல் எதுக்கும்மா? கண்ணை மூடினா எல்லா ரூமும் ஒண்ணுதான்" என்று சன்னலே இல்லாத உள்ளறையைப் போடச் சொன்னேன். அந்த வாக்கியத்தை வீட்டம்மா அப்போது மறுக்கவில்லை. பிற்பாடு உபயோகிக்கலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் வீடியோ பார்த்துக் கப்பல் சாஸ்திரம் படித்தேன். இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு' எல்லாம் அத்துப்படி. கப்பலில் கொண்டுபோகக் கூடாத சாமான் பட்டியல் மட்டும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் எதிலும் கடைசிப் பக்கம்வரை போனதில்லை. துறைமுகத்தில் பெட்டி எக்ஸ்ரேக்குள் போய் வந்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ். சூடாகிற சாமான் எதுவும் கப்பலில் ஆகாதாம், தீ அபாயம். 'அபாயகரமான பொருள்' என்று ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஆபத்தானவன் என்று ஒரு துறைமுகம் மதித்திருக்கிறது. வீட்டம்மா பருப்புப் பொடியைக் கைப்பைக்குள் வைத்து அவர்கள் கண்ணெதிரே நடந்து போனாள். ஒருவரும் கேட்கவில்லை.

கப்பல் கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து வந்தால் ஏழு குறும் ஒலி, ஒரு நெடும் ஒலி கேட்கும், உடனே இன்ன இடத்தில் கூட வேண்டும் என்று விளக்கினார்கள். நான் குறித்துக்கொண்டிருந்தேன். "ஏழு விசிலா? கொண்டைக்கடலைன்னு வெச்சுக்குங்க" என்றாள் வீட்டம்மா. அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை, ஆனால் ஆபத்து என்ற எண்ணம் போய்ப் பசி வந்துவிட்டது.

எனக்குப் பயமெல்லாம் குமட்டல் ஒன்றில்தான். காவிரியில் முழங்கால் தண்ணீரில் வளர்ந்தவன் நான். ஆகவே கப்பல் அசைவதற்குள் முந்திக்கொள்வோம் என்று தலைசுற்றல் மாத்திரை ஒன்றைப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. ஐந்து நிமிஷம் சாய்ந்துவிட்டு மேல்தளத்துக்குப் போய், சிங்கப்பூர் விலகிப் போகும் காட்சியைப் பார்க்கலாம் என்று படுத்தேன். கண் விழித்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி, எதிரே வந்த சிப்பந்தியிடம் "கப்பல் எப்போது கிளம்பும்?" என்று கேட்டேன். கிளம்பி ஏழு மணி நேரம் ஆகிறது என்றார், மிகவும் மரியாதையாக.

கப்பல் அசையவே இல்லை சார். மலாக்கா நீரிணை அது. இந்தப் பக்கம் மலேயா, அந்தப் பக்கம் சுமத்ரா, நடுவில் கடல் தெப்பக்குளம் மாதிரி கிடக்கிறது. போதாததற்குக் கப்பலுக்கு அடியில் மீன் செட்டை போல இரண்டு பக்கமும் துடுப்பு வைத்து ஆட்டத்தை அடக்கிவிடுகிறார்கள். நாலு நாளில் நான் தள்ளாடியது இரண்டு மாத்திரைக்கு மட்டும்தான்.

உள்ளறையின் மகிமை அன்று இரவு விளங்கியது. விளக்கை அணைத்தால் கிணற்றுக்குள் விழுந்த இருட்டு. பகலா ராத்திரியா தெரியாது. ஊரில் தினம் நாலரை மணிக்கு விழித்து நடக்கப் போகிறவன் நான். விழித்தேன், கேன்வாஸ் செருப்பை மாட்டினேன், மேல்தளத்துக்குப் போய்க் கையை வீசி வீசி நான்கு சுற்று நடந்தேன். இந்த ஊர் ஜனங்களுக்குத்தான் என்ன சுறுசுறுப்பு, விடியற்காலையிலேயே பாட்டும் ஆட்டமுமாக இருக்கிறார்களே என்று வியந்தேன். மணி பன்னிரண்டே கால். அறைத் தொலைக்காட்சியில் ஒரு சானல் முழுக்கக் கப்பலின் மூக்கில் வைத்த கேமரா காட்டும் கடல்தான் என்று மறுநாள் கண்டுபிடித்தேன். அது கறுப்பாக இருந்தால் ராத்திரி, நீலமாக இருந்தால் பகல். "இத்தனை லட்சம் கொடுத்து டிவியில கடல் பார்க்கிறோம். கண்ணை மூடினா எல்லாம் ஒண்ணுதான், இல்லீங்களா?" என்றாள்.

இன்னொரு சங்கடம் நடைபாதை. கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நிறத்தில் கதவு, ஒரே நிறத்தில் கம்பளம். போர்ட், ஸ்டார்போர்டு என்று படித்ததெல்லாம் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் மறந்து, நேர் எதிர்ப்பக்கத்து அறையில் போய் அட்டையைத் தேய்ப்பேன். முதல் தடவை ஒரு சீனப் பெரியவர் கதவைத் திறந்தார், என்னைப் போலவே பனியனில். மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை கதவை முழுதாகத் திறக்காமல் இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டி வழி காட்டினார்.

அறையைச் சுத்தம் செய்யும் பிலிப்பைன்ஸ் தம்பி தங்கமான பிள்ளை. தினம் குளியல் துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார். முதல் நாள் யானை. குளித்துவிட்டு அதை எடுக்கக் கை நீட்டினேன். "பிள்ளையாரைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்று ஒரு சத்தம். யானை அலமாரிக்குப் போனது. மறுநாள் முயல், அடுத்த நாள் அன்னம். வீட்டம்மா எதையும் பிரிக்க விடவில்லை. அறை முழுக்கத் துண்டு இருந்தது, துவட்டத்தான் துண்டு இல்லை. அறுபதாம் வயதில், குளிரூட்டிய அறையில், சொந்தக் கைலியின் நுனியால் தலை துவட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தம்பிக்குத் தினமும் ஐந்து டாலர் வேறு கையில் வைத்து அழுத்தினேன். தலைக்கு இவ்வளவு என்று டிப்ஸைத் தினமும் நம் கணக்கில் தானாகவே ஏற்றிவிடுகிறார்கள் என்பது கடைசி நாள் பில்லில்தான் தெரிந்தது. வங்கிக்காரனாம்!

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். அடக்கம் என்ற சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

ஒரு ராத்திரி மட்டும் 'ஃபார்மல்' விருந்து, கோட்டு போட்டுக்கொண்டு வர வேண்டும். என்னிடம் இருந்தது 1992-இல் கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. மூச்சை உள்ளே இழுத்தால் பொத்தான் போடலாம். விட்டால் பொத்தான் எதிர் மேசைக்குப் போகும். விருந்து முழுக்க இழுத்த மூச்சோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டம்மா வெகுநேரம் என்னையே பார்த்தாள். முப்பது வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை. "கோட்டு உங்களுக்கு நல்லாருக்குங்க. வீட்டிலயும் போட்டுக்கலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் பினாங்கு. குடிநுழைவு வரிசையில் அரை மணி நேரம் நின்று கால் கடுக்கிறது என்று சொல்லிவிட்டேன். உடனே ரஜுலா வந்தது. அந்தக் காலத்தில் டெக் பயணிகளை நேராக ஊருக்குள் விடமாட்டார்களாம். நோய்நொடி இருக்கிறதா என்று ஜெரெஜாக் தீவில் நாள் கணக்கில் வைத்திருந்துதான் அனுப்புவார்களாம். தாத்தாவும் அங்கே கிடந்தாராம். கால் கடுப்பு நின்றுவிட்டது.

ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டமேறி அறுபது ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி உயரத்தில் சீன வணிகர் ஒருவர் கட்டிக் கொடுத்தது. உலகப் போரில் குண்டு விழுந்ததில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அறுபது, லேசான சாய்வு. எனக்கு அதோடு ஏதோ உறவுமுறை இருப்பது போலிருந்தது. பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னேன். பிறகு பார்த்தால் படத்தில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது, நான்தான் சாய்ந்திருக்கிறேன்.

மலாயில் நன்றி சொல்ல 'தெரிமா காசி' என்று ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்தேன். காசு மாற்றிய இடத்தில் அதைக் கம்பீரமாக எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இருக்கட்டும்ண்ணே, எந்த ஊரு?" என்று பதில் வந்தது. வீட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காசிக்குப் போகலாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாத்தா இங்கேதான் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்திருப்பார் என்று அவளே முடிவு செய்து, தூணைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றாள். அப்போது நான் எதுவும் பேசவில்லை. கோட்டுகூடப் போடாமல்.

கடைசி ராத்திரிதான் வினை. பெட்டிகளைக் கட்டி, பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும், அவர்களே எடுத்துக்கொண்டு போய்க் காலையில் கரையில் தருவார்கள் என்று சீட்டு வந்தது. கடைசி நிமிஷம் என்பதே என் சர்வீஸில் கிடையாது. ஒன்பது மணிக்கே ஒன்று விடாமல் மடித்து, அடுக்கி, பூட்டி வெளியே வைத்துவிட்டேன். கோட்டை மட்டும் வீட்டம்மா தடுத்தாள். "கசங்கிடும். அயர்ன் பாக்ஸையும் பிடுங்கிட்டாங்க. கையில எடுத்துக்கலாம்." தன் காலைப் புடவையைக் கைப்பையில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. கைலியும் பனியனுமாக நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் தொலைக்காட்சிக் கடல் நீலமாக இருந்தது. பல் தேய்த்தேன். குளித்தேன். முகம் மழித்தேன். பிறகு, பேன்ட் எங்கே என்று கேட்டேன். அந்தக் கேள்வி அறைக்குள் ஒரு முழு நிமிஷம் நின்றது.

கப்பல் கடையில் வாங்கலாம் என்று ஓடினேன். கரையைத் தொட்டுவிட்டால் தீர்வையில்லாக் கடைகளைத் திறக்கக் கூடாதாம், கதவு சாத்தியிருந்தது. திரும்பி வரும் அவசரத்தில் நான்காம் முறையாகச் சீனப் பெரியவர் கதவைத் தட்டிவிட்டேன். அவர் பேன்ட் போட்டிருந்தார். என் கைலியை ஒரு தடவை பார்த்தார், இந்த முறை கதவை முழுதாகவே திறந்து ஆறுதலாகத் தலையை ஆட்டினார். யானையும் முயலும் அன்னமும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, வெறும் பனியனோடு இறங்குவதற்கு இது மேல் என்று 1992-ஐ எடுத்து மாட்டினேன்.

அப்படியாக நான் சிங்கப்பூரில் இறங்கினேன். கீழே கட்டம் போட்ட கைலி, மேலே கறுப்புக் கோட்டு, இழுத்த மூச்சு. குடிநுழைவில் இருந்த தமிழ்ப் பெண் அதிகாரி கடவுச்சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கல்யாணத்துக்கா போறீங்க?" என்றார். மூச்சை விட முடியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கப்புறம் அபாயகரமான பொருள் வரிசை. ரசீதைக் கொடுத்ததும் அயர்ன் பாக்ஸைக் கையில் கொடுத்தார்கள். வாசலில் மகள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கூடத்தில் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள் வீட்டம்மா. குடைக்குப் பதில் அயர்ன் பாக்ஸ் என்பதைத் தவிர அதிக வித்தியாசம் இல்லை. போன வாரம் வந்த ஓர் உறவுக்காரப் பாட்டி இரண்டையும் உற்றுப் பார்த்து, "இவரு எந்த வருஷம்டி கப்பல்ல பினாங்கு போனாரு?" என்று கேட்டாள்.

"இவரு எங்க பாட்டி போனாரு" என்றாள் வீட்டம்மா. "கப்பல் கிளம்பும்போதே தூங்கிட்டாரு."