பதின்மூன்றடி மதில்

முகமூடி போட்ட ஹேக்கர் கும்பல்கள் தயவுசெய்து வேறு நாடு பார்க்கலாம். இங்கே உடைப்பதற்குப் பூட்டு இருந்தால்தானே உங்களுக்கு வேலை?

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் அடித்துச் சொன்னார்: ஆதார் தகவல்கள் பதின்மூன்றடி உயர, ஐந்தடி கனச் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அதே ஆண்டு ஜனவரியில்தான் சண்டிகரின் ‘டிரிப்யூன்’ நிருபர் அந்த மதிலை ஏறாமலே உள்ளே போய்வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட், பேடிஎம்மில் 500 ரூபாய், பத்து நிமிடத்தில் லாகின். எந்த எண்ணை அடித்தாலும் பெயர், முகவரி, போட்டோ, போன் நம்பர் எல்லாம் வந்தன. ஆதார் ஆணையம் சும்மா இருக்குமா? விற்றவர்களோடு சேர்த்து, விற்கிறார்கள் என்று எழுதிய நிருபர் மேலும் எஃப்.ஐ.ஆர். போடவைத்தது.

மறுப்பதில் மட்டும் நம் அதிகாரிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் அறிக்கை விட்டது: கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாளே மேலிடத்து அறிக்கை: நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மைதான், தகவல் செப்டம்பர் 4-ஆம் தேதியே வந்துவிட்டது, அணு உலை பக்கம் பாதிப்பில்லை. இல்லாமல் போனது நல்லதுதான், கும்பிட்டுக்கொள்வோம். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பக்கத்து இடிந்தகரைக்காரர்களுக்கு யாரும் மூச்சுவிடவில்லையே, ஏன்?

2023 ஜூனில் கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் ஜாதகம் டெலிகிராமில் ஓடியது. போன் நம்பரைக் கொடுத்தால் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண் வரை கக்கியது ஒரு ‘பாட்’. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்திலிருந்து கசிவா? அடிப்படையற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். அதே மாதம் டெல்லி போலீஸ் பீகாரில் ஒருவரைப் பிடித்தது. அடிப்படையே இல்லாத செய்திக்கு ஆள் மட்டும் எங்கிருந்து அகப்பட்டார்?

மேலே இப்படி. கீழே வந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடை. “வாட்ஸ்அப்ல தட்டி விடுங்கண்ணா” என்பான் பையன். நம் ஆதார் பிடிஎஃப் அவன் டவுன்லோடு ஃபோல்டரில் போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. பிடிஎஃபைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறந்த வருடம். இரண்டும் கார்டிலேயே அச்சாகியிருக்கின்றன! இந்த ரகசியக் குறியீட்டை வகுத்த மேதைக்கு இன்னும் பத்ம விருது தராதது ஏனென்று தெரியவில்லை.

ஒரே ஒருமுறை உண்மை வாய்தவறி வெளியே வந்தது. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தப்பாகப் பயன்படுத்தக்கூடும் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை வாபஸ். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடுமாம். மக்கள் சரியாகப் புரிந்துகொண்டதுதான் பிரச்சினை.

சரி, தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, 2023-இல். தகவலைக் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கைதட்டுவதற்கு முன் மிச்சத்தையும் படியுங்கள். அந்தப் பணம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. தகவல் கசிந்ததால் நஷ்டப்பட்டவருக்குப் பழைய ஐ.டி. சட்டத்தில் நஷ்ட ஈடு கேட்க 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதை இந்தச் சட்டம் நீக்குகிறது. தன் அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கை போட்டு விலக்கு கொடுத்துக்கொள்ள அரசுக்கு வழி உண்டு. நமக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள்: பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்று முடிவு செய்யப்போவது இந்தச் சட்டம் அமைக்கும் வாரியம். அதன் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு.