கடலடியில் வந்த கருணை

அந்தமானில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் தம்பிக்கு அரசு செய்த பேருதவியை யாரும் பாராட்டக் காணோம். இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில், பப்ஜி விளையாட்டில் எதிரி நம்மைச் சுட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கே போன பிறகுதான் நம் திரையில் அவன் தலை தெரியும். இந்த அநீதியைப் போக்கத்தான் சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டருக்குக் கடலடியில் கண்ணாடி இழை போட்டார்கள். (கல்வி, மருத்துவம் என்றதெல்லாம் கோப்பில் எழுத.) 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமரே தொடங்கிவைத்தார். தம்பியும் அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் களமிறங்கினான்.

தம்பிக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. அதே ஆண்டு ஜூனில் டிக்டாக்கைத் தடைசெய்தபோது முதல் ஆளாகக் கைதட்டியவன். சீனச் செயலி ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்றான். அரசு கேட்டுக்கொண்டது. செப்டம்பர் 2 அன்று மேலும் 118 செயலிகளுக்குத் தடை. பட்டியலில் பப்ஜியும் இருந்தது.